படகுப் பையனும் பத்தின் பெருக்கமும்

குழந்தைகளுக்கு அளவு என்பதைச் சொல்லித் தருவது லேசான காரியம் இல்லை. சூரியன் பூமியைவிடப் பெரிது என்றால் தலையாட்டுகிறார்கள். எவ்வளவு பெரிது என்று கேட்டால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார்கள். யானைக்கும் அதே விரிப்புதான். பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? கோடிக்கும் லட்சம் கோடிக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு நாக்களவில்தான் தெரியும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்த குறும்படங்களில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மூலம் ஒரு புத்தகம். கீஸ் பூக்கே என்ற டச்சுக்காரப் பள்ளி ஆசிரியர் 1957-இல் வெளியிட்டது. பள்ளிக்கூடத்தின் முன்னால் ஒரு சிறுமி மடியில் பூனையுடன் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த படம் பத்து மடங்கு தொலைவிலிருந்து, அதற்கடுத்தது இன்னும் பத்து மடங்கு. மேலே போனது போதும் என்றதும் அவள் கைக்குத் திரும்பி உள்ளே இறங்குகிறார். மொத்தம் நாற்பது தாவல்கள். எளிய யோசனைதான், ஆனால் அதுவரை யாருக்கும் இவ்வளவு ஒழுங்காகச் செய்யத் தோன்றவில்லை.

கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக ஈவா சாஸ் 1968-இல் செய்த ‘காஸ்மிக் ஜூம்’ எட்டு நிமிஷப் படம். ஒட்டாவா ஆற்றில் ஒரு பையன் படகு வலிக்கிறான். கூட ஒரு நாய். சட்டென்று துடுப்பு நிற்கிறது, தண்ணீர் நிற்கிறது, நிஜம் சித்திரமாகிவிடுகிறது. பிறகு நாம் மேலே மேலே போகிறோம். ஆறு, ஊர், கண்டம், நிலவு, கிரகங்கள், பால்வீதி, அதற்கப்பாலும். மறுபடி கீழே வந்து, பையனின் கையில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் உறிஞ்சுகுழல் வழியாக ரத்தத்துக்குள் புகுந்து, அணுவின் கரு வரை இறங்குகிறோம். பின்னணியில் யாரும் பேசுவதில்லை, சங்கீதம் மட்டும்.

மற்றது சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரேயும் 1977-இல் எடுத்த ‘பவர்ஸ் ஆஃப் டென்’. இதற்குத்தான் உலகப் பிரசித்தி. சிகாகோவில் ஏரிக்கரைப் பூங்கா. உண்டு முடித்து ஒருவர் விரிப்பில் தூங்குகிறார். பத்து விநாடிக்கு ஒருமுறை நாம் பத்து மடங்கு தொலைவு போகிறோம். நான்கே நிமிஷத்தில் பத்து கோடி ஒளியாண்டு. எவ்வளவு தூரம் என்று ஓரத்தில் எண் ஓடுகிறது. பௌதிக விஞ்ஞானி பிலிப் மாரிசன் நிதானமான குரலில் விளக்கிக்கொண்டே வருகிறார்.

எது குழந்தைக்கு உகந்தது? கணக்கு என்று பார்த்தால் இரண்டாவதுதான். ஈவா சாஸின் படத்தில் அடிகோல் இல்லை. நிலவு போகிறது, அதன் பின்னால் கிரகங்கள் போகின்றன. நிலவுக்கு அடுத்த தெருவில்தான் வியாழன் இருக்கிறது என்று பையன் நினைத்துக்கொண்டால் அவனைத் திருத்த படத்தில் ஒன்றுமே இல்லை. ஈம்ஸ் தம்பதியிடம் அந்தக் குழப்பம் வராது. ஒவ்வொரு அடியும் சம அடி. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியைப் பாட்டாகச் சொல்லி முந்திரி வரைக்கும், அதாவது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு வரைக்கும், இறங்குவார்களே, அந்த மாதிரி தாளக்கட்டு. புரிவதற்கு முன்பே மனத்தில் படிந்துவிடும்.

ஆனால் ஈம்ஸ் படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. 1968-இல் அவர்கள் இதே படத்தை முன்னோட்டமாக ஒரு தடவை எடுத்தார்கள். அதில் ஓரத்தில் கடிகாரங்கள் இருந்தன: பிரயாணியின் நேரம் ஒன்று, பூமியின் நேரம் ஒன்று. 1977-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். திரை சுத்தமாயிற்று, வாஸ்தவம். ஆனால் நிலவின் பாதையைக் கடந்த சற்று நேரத்துக்கெல்லாம் நம் காமிரா ஒளியையே முந்திவிடுகிறது. அப்படிப் போக முடியுமா என்று ஒரு குழந்தை கேட்கக்கூடிய இடம் அது. அந்தக் கேள்விக்குக் கதவு திறந்து வைத்திருந்ததை அழகுக்காக அடைத்துவிட்டார்கள்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. இந்தப் படங்களைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் தவறாமல் சொல்வது, “மனிதன் எத்தனை அற்பம் என்று தெரிகிறது பார்!” என்பது. இந்த உபதேசம் நமக்கு வேண்டுமானால் சரி. உத்தியோகம், வீடு, அந்தஸ்து என்று வீங்கிப் போயிருக்கிறோம். எட்டு வயதுக் குழந்தைக்கு எதற்கு? அலமாரியின் மேல்தட்டு எட்டாமல், பஸ்ஸில் ஜன்னல் எட்டாமல், தான் சிறியவன் என்பதை அவன் தினமும் அனுபவிக்கிறான். அவனுக்குத் தேவை வேறு. தன்னை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் அளக்கலாம், அளந்துவிட்டுத் தன் இடத்துக்கே வரலாம் என்ற தைரியம்.

‘பவர்ஸ் ஆஃப் டென்’ இதைத் தருவதில்லை. தூங்குகிறவரின் கைக்குள் இறங்கி, வெள்ளையணு, கார்பன் அணு என்று போய், ஒரு புரோட்டானுக்குள் முடிந்துவிடுகிறது. அவர் எழுந்தாரா, வீட்டுக்குப் போனாரா? படத்துக்கு அக்கறையில்லை. விஞ்ஞானத்தின் அன்றைய எல்லை அது. அங்கே நிறுத்தியது நேர்மைதான். இருந்தாலும் குழந்தையை அவ்வளவு ஆழத்தில் தனியாக விட்டுவிட்டு விளக்கைப் போட்டுவிடுகிறார்கள்.

ஈவா சாஸ் அப்படிச் செய்யவில்லை. அணுவிலிருந்து பின்வாங்கி, கொசுவையும் கையையும் கடந்து, படகுக்கு வருகிறார். சித்திரம் மறுபடி நிஜமாகிறது. பையன் துடுப்பை வலிக்கிறான், நாய் அப்படியே இருக்கிறது. தன்னைச் சுற்றி நடந்த எதுவும் அவனுக்குத் தெரியாது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்கு மட்டும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் காட்டுகிறவர்கள் முதலில் இந்தப் படத்தைக் காட்டட்டும். அளவு கேட்கும் வயது வந்ததும் மற்றதைக் காட்டலாம். பூக்கேயின் புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டால் நல்லது. பிடித்த பக்கத்தில் வேண்டிய மட்டும் நின்று பார்க்கலாம்.