பெண் வந்தாள், பத்திரம் வரவில்லை

2011 ஜூனில் வெளியான 'ஆரண்ய காண்டம்' படத்தின் முடிவில் காதலன் சப்பையைச் சுட்டுப் போட்டுவிட்டுப் பணத்தோடு வெளியேறுகிறாள் சுப்பு. தமிழ் நுவாரைப் பற்றி, அதாவது இருண்ட குற்றப்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் வந்து நிற்கிற இடம் அதுதான். ஆண்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருக்க, யாரும் பொருட்படுத்தாத ஒருத்தி மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிறாள். ஆகவே அது விடுதலை, ஆகவே அவள்தான் தமிழின் முழுமையான நுவார் நாயகி என்கிறது அந்த வாதம். படத்தின் மற்ற சிறப்புகளில் எனக்குச் சந்தேகம் எதுவுமில்லை. தேசிய விருது பெற்ற பிரவீன், ஸ்ரீகாந்த் இருவரின் படத்தொகுப்பு, வினோத்தின் ஒளிப்பதிவு, காளையனும் கொடுக்காப்புளியும் வரும் தகப்பன் மகன் பகுதி எல்லாம் தமிழில் அபூர்வமாகவே நடந்திருக்கின்றன. முதல் படத்துக்கான தேசிய விருது இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவுக்குத் தகுந்த விருதுதான். ஆனால் சுப்புவை முன்வைத்துக் கட்டப்பட்ட அந்த வாதம் தவறானது. அதன் செல்வாக்கில்தான் ஈவிரக்கமில்லாத ஒரு பெண், ஒரு துப்பாக்கி, கொஞ்சம் இருட்டு இருந்தாலே நுவார் என்று முத்திரை குத்தும் பழக்கம் வேரூன்றியது. 'அந்தாதுன்' (2018), அதன் தமிழாக்கமான 'அந்தகன்' (2024) இரண்டிலும் பேச்சு முழுக்கத் தபுவையும் சிம்ரனையும் சுற்றியே ஓடியது.

இந்த வகையின் இலக்கணமாகச் சொல்லப்படும் பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) படத்தைப் பார்த்தவர்களுக்கு, ஃபிலிஸாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கின் பொன்னிறப் பொய்முடியும் கணுக்கால் சங்கிலியும் மறக்காது. ஆனால் படத்துக்கு வைத்த பெயர் அவளைக் குறிப்பதில்லை. அது ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் உள்ள ஒரு ஷரத்து: அரிதாக நேரும் சிலவகை விபத்துகளில் இறந்தால் தொகை இரட்டிப்பு. காருக்கான காப்பீட்டைப் புதுப்பிப்பதாக நினைத்துக் கணவன் கையெழுத்துப் போடுகிறான். அந்தக் கையெழுத்திலேயே அவன் கதை முடிந்துவிடுகிறது, கழுத்து நெரிபடுவது பிறகுதான். அவன் ரயிலிலிருந்து விழுந்து செத்ததாகக் காட்டவேண்டி வருவதும் ஷரத்து அப்படிக் கேட்பதால். கொலையின் வடிவத்தையே ஒரு தாள் தீர்மானிக்கிறது. காப்பீட்டு முகவன் வால்டர் நெஃப், சூதாட்டச் சக்கரத்தைச் சுழற்றுகிறவன் அதே மேசையை ஏமாற்ற நினைப்பதுபோலத் தானும் நெடுநாளாய் இதை யோசித்ததாக வாக்குமூலத்தில் சொல்கிறான். அதாவது பேராசை ஃபிலிஸிடமிருந்து அவனுக்குத் தொற்றியதில்லை. சம்பளமும் கமிஷனும் வாங்கிக்கொண்டு பிறர் சாவுக்கு விலை போட்டு விற்கும் அவன் தொழிலிலேயே அது ஊறிக்கிடந்தது. அவள் வந்து கதவைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். மூலக்கதையை எழுதிய ஜேம்ஸ் எம். கெய்ன் பிடித்துக்கொண்டதும் 1927இல் நியூயார்க்கில் நடந்த ரூத் ஸ்னைடர் கொலை வழக்கை. கணவனுக்குத் தெரியாமல் அவன் பெயரில் எடுத்த பாலிசிதான் அந்த வழக்கின் முதுகெலும்பு.

தமிழ் நுவார் இந்தப் படங்களிலிருந்து பெண்ணை எடுத்துக்கொண்டது, பாலிசியை விட்டுவிட்டது. இத்தனைக்கும் பெண்ணை இரவல் வாங்க நமக்கு அவசியமே இருக்கவில்லை. நாயக்கர் காலத்து விறலிவிடுதூதுகளைப் புரட்டினால் போதும்: தாய்க்கிழவி பாடம் சொல்லிக்கொடுக்க, மகள் சொக்குப்பொடி போட, வந்தவன் கைப்பொருள் கடைசிக் காசுவரை கரைந்து தெருவில் நிற்பான். ஆணைக் கெடுக்கும் பணத்தாசைக்காரி என்ற உருவம் நம் இலக்கியத்தில் நூற்றாண்டுகளாகப் புழங்கிவருவது. அதைப் புதுமை என்று சொல்லிக்கொள்ள இடமில்லை. அமெரிக்க நுவாரிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்த பாடம் வேறு. பேராசையைச் சட்டபூர்வமான, அச்சடித்த, முத்திரையிட்ட ஒரு பொருளில் பொருத்திக் காட்டுவது எப்படி என்பதே அது. அதைக் கற்காமல் விட்டதால், பெயர் மட்டும் மாறி நாம் மறுபடி விறலிவிடுதூதிலேயே வந்து நிற்கிறோம்.

பேராசைக்குத் தமிழ்நாட்டில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று கேட்பவர்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு வரலாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் கேட்பது அது நாக்பூர் லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸா என்றுதான். எவ்வளவு மருந்து வைக்கலாம், எந்த ரகம் செய்யலாம், ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எல்லாவற்றையும் அந்தத் தாள் சொல்கிறது. தாளில் பெயர் உள்ளவர் ஆலையை நடத்தாமல் அறை அறையாகப் பிறருக்கு விடுவதற்குப் பெயர் உள்குத்தகை. இங்கிருந்து கணக்கைப் போட்டுப் பாருங்கள். குத்தகை எடுத்தவர் கொடுத்த பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாகவேண்டும். நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் கூடுதல் ஆட்கள் நெருக்கி உட்காருகிறார்கள், இடம் போதாமல் மரத்தடியிலும் வேலை நடக்கிறது. அன்றன்றைக்குத் தீரவேண்டிய மருந்து மறுநாளைக்கும் கிடக்கிறது. முன்பணம் வாங்கியவர்கள் வேலைக்கு வராமல் இருக்க முடியாது. பிறகு எங்கோ ஓர் உராய்வு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். அச்சங்குளத்துக்குப் பின் உள்குத்தகை என்ற சொல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வைல்டரின் படத்தில் நடந்ததுதான் இங்கும் நடக்கிறது: யார் எந்த அறையில் சாவார் என்பதை முன்கூட்டியே ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறது. செத்தவரின் பெயர் பதிவேட்டில் இல்லையென்றால், அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதையே வீட்டார் முதலில் நிரூபித்தாகவேண்டும். இறந்த பின்னும் தாள்தான் பேசுகிறது. இதைவிட இருண்ட ஒரு நுவார்க் கதையை எந்த ஸ்டுடியோவும் எழுதிவிட முடியாது.

இதே வட்டாரத்தின் இன்னொரு தொழிலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிளும் சிவகாசி அச்சகங்களில் ஓடுவதுதான். சினிமா நடிகைகளின் சிரித்த முகம் மத்தாப்புப் பெட்டியில் இருக்கும், திருமகள் படம் லட்சுமி வெடியின் மேல் சுற்றியிருக்கும். குழாய் அடைப்பதும் திரி வைப்பதும் பெட்டி கட்டுவதும் பெரும்பாலும் பெண்களே. ஆனால் பெட்டியின்மேல் தெரியும் பெண் வேறொருத்தி. வாங்குகிறவர் கண்ணுக்குப் படுவது அந்த முகம் மட்டும்தான்; உள்ளே இருக்கும் மருந்துக் கணக்கும் கூலிக் கணக்கும் படுவதில்லை. தமிழ் நுவாரின் வஞ்சகி செய்வதும் இந்த லேபிளின் வேலையைத்தான். பணம் எங்கே பிறந்தது, யார் பெயரில் இருந்தது, எந்தக் கையெழுத்தில் கைமாறியது என்ற கேள்விகளின்மேல் ஓர் அழகிய முகத்தை ஒட்டிவிடுகிறார்கள். பார்வையாளரும் பேராசை என்றால் அவள் கண்தான் என்று நம்பி வீட்டுக்குப் போகிறார்.

சினிமா என்ன விசாரணைக் கமிஷன் அறிக்கையா என்று கேட்பார்கள். நான் அறிக்கை கேட்கவில்லை. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் குழந்தைகளைப் பதிவுசெய்யும் வேலையைச் சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' 1990இலேயே செய்துவிட்டது, ஆவணப்படத்தின் கடமை அது. நுவாரிடம் நான் எதிர்பார்ப்பது ஒரே ஒரு கருவியை: பாலிசி, பட்டா, லைசென்ஸ், பங்குப் பத்திரம், ஏதோ ஒன்று. ரவுடிகளின் உலகத்தில் பணத்துக்குத் தாள் கிடையாதே என்பது அடுத்த ஆட்சேபம். சரிதான், ஆனால் அந்த உலகத்தை மட்டுமே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பதே தப்பித்தல். போதைப்பொருள் மூட்டைக்காக அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்து நமக்கு ஒன்றும் உறுத்துவதில்லை, அவர்கள் வேறு மனிதர்கள். நெஃப் உறுத்துகிறான், ஏனென்றால் அவன் நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பிரீமியம் கணக்குச் சொல்லும் ஆள்.

தமிழால் இது முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' 1954இலேயே பாதித் தூரம் போயிருக்கிறது. ஜாவர் சீதாராமனின் திரைக்கதையில், ராஜனைக் கொன்றது யார் என்ற சந்தேகம் உடன்பிறந்தவனின் பங்குப் பணத்தின்மேல் விழுகிறது, நாட்டியக்காரி அம்புஜத்தின்மேலும் விழுகிறது. நாட்டியக்காரி என்றதும் அவள்தான் பாவி என்று முடிவுகட்டத் தயாராயிருந்த பார்வையாளருக்குப் படம் அந்தச் சௌகரியத்தைத் தரவில்லை. தேசத் துரோகத்தின் வேர், தன் கண்டுபிடிப்புக்கு மதிப்புக் கிடைக்கவில்லை என்று குமுறும் ரேடியோ என்ஜினியர் ராஜனின் படிப்பிலும் தொழிலிலும் இருக்கிறது. அவன் விற்பதும் தனக்குத் தெரிந்த தொழில்நுட்பத்தைத்தான். துப்பாக்கி கடைசியில் மனைவி கையில் இருந்தாலும் பேராசை அவளுடையது என்று எவராலும் சொல்ல முடியாது. எழுபதாண்டுக்கு முந்தைய படம் வஞ்சகியைச் சந்தேகமாக மட்டும் வைத்துக்கொண்டு தொழிலைக் குற்றவாளியாக்கியது. பின்னால் வந்தவர்கள் அதன் நிழலையும் கோணத்தையும் புகழ்ந்துவிட்டு இந்த ஏற்பாட்டை மட்டும் தொடாமல் விட்டார்கள்.

இனி சுப்பு. தாதா சிங்கப்பெருமாள் அவளைப் பொருளாக வைத்திருந்தான், அடித்தான். ஆகவே அவள் எடுத்துப் போனது அவளுக்குச் சேரவேண்டியது என்கிறார்கள். இந்த நியாயத்தைக் கவனியுங்கள். பேராசைக்குத் தாள் இல்லாத இடத்தில் படத்துக்குக் காயம் தேவைப்படுகிறது. அவள் பட்ட அடிகளைக் காட்டினால்தான் அவள் பணம் எடுப்பதை நம்மால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அப்படியானால் பேராசை கொள்ளும் உரிமையைக்கூடப் படம் அவளுக்கு முழுதாகத் தரவில்லை, இழப்பீடுதான் தந்திருக்கிறது. ஃபிலிஸுக்கு அந்தச் சலுகை கிடையாது, அவள் கேட்கவும் இல்லை. பெண்ணைச் சரிசமமாக மதித்த படைப்பு எது என்று இதை வைத்தே தீர்மானிக்கலாம். சுப்பு எடுத்துப்போகும் பணம் படத்துக்குள் வெறும் எடை மட்டும்தான். மறுநாள் காலை அவள் அதை எந்தப் பெயரில், எந்த வங்கியில், என்ன அத்தாட்சி காட்டிப் போடுவாள்? குடியிருக்க ஒரு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர் புருஷன் பெயரைக் கேட்பார், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ஓர் ஆண் வேண்டும் என்பார். அந்தக் கையெழுத்துக்கு அவள் யாரிடம் போவாள், அவன் என்ன விலை சொல்வான் என்பதை எழுத உட்காரும் திரைக்கதையாசிரியர் இன்னும் வரவில்லை.