கிளிச்சீட்டில் வண்ணமும் பொருளும்

கிளி சோதிடர் விரிக்கும் தெய்வப்படச் சீட்டுகளை டாரட் சீட்டுகளோடு ஒப்பிட்டு, நிறந்தோறும் ஒரு பொருள் கற்பிப்பது எளிது. ஆயின் அது பொருந்துவதன்று. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகவே தோன்றியது. விஸ்கோந்தி-ஸ்போர்சா சீட்டுகளின் பொற்பின்னணி புரவலர்தம் செல்வத்தைக் காட்டியது. பின்வந்த மர்சேய் சீட்டுகள் துளைத்தாள்வழி நிறமிடப்பட்டமையால் சில நிறங்களோடு அமைந்தன. 1781இல் கூர் த ஜெபலென் அவற்றை எகிப்திய மறைநூலென எழுதிய பின்னரே மறைபொருள் காணும் வழக்கு வலுப்பெற்றது.

இதனை உரைத்துப் பார்க்கத் திருவனந்தபுரத்து ஆரியசாலை தக்க இடம். நவராத்திரிதோறும் வேளிமலைக் குமாரசுவாமி பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வந்து இங்குள்ள தேவி கோயிலில் எழுந்தருளுகிறார். கேரளத்துக் கதகளியிலோ பச்சை வேடம் என்றாலே உயர்குணத் தலைவன். அங்கு நிறமே பொருள். இவ்விரு மரபும் பழகிய ஊரில் முருகன் சீட்டைக் காண்பவர் மயிலின் பச்சையில் குணம் தேட வேண்டுவதில்லை. வேலும் மயிலுமே தெய்வத்தை உணர்த்துகின்றன. நிறமோ, 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் வழிவகுத்த நாட்காட்டி ஓவிய மரபினது. சீட்டு மரபில் நிறம் தொழிற்படும் இடமும் உண்டு. 120 சீட்டுகள் கொண்ட தசாவதார கஞ்சிபாவில் பத்து அவதார வரிசைகளையும் பெரும்பாலும் பின்னணி நிறம் பிரித்துக்காட்டும்; எனினும் அது ஆட்டத்தின் தேவையே.

கிளிச்சீட்டின் பலன் படத்தைவிடச் சோதிடரின் வாய்மொழியிலேயே உள்ளது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கிளியைக் கூண்டில் வைத்தல் குற்றமாதலின் இத்தொழில் அருகி வருகின்றது. சீட்டுகளைத் தொகுப்போர் அவ்வாய்மொழியையும் உடன் பதிதல் வேண்டும்.