விராலும் ரப்பர் தவளையும்

பொழுதுபோக்கு மீன்பிடிப்பில் தொழில்நுட்பம் என்றதும் சோனார் பற்றித்தான் பேச்சு எழும். 2018இல் கார்மின் நிறுவனம் கொண்டுவந்த லைவ்ஸ்கோப், படகுக்கு முன்னால் நீந்தும் மீனை அதன் அசைவோடு திரையில் காட்டியது. அதை வைத்து அமெரிக்கப் போட்டிகளில் பெரும் சர்ச்சை மூண்டது. மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு 2025 பருவத்தில் அதன் பயன்பாட்டு நேரத்துக்கே வரம்பு கட்டியது. உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிகளில் அந்தக் கருவிக்கு வேலை இல்லை. ஆழம் குறைவு, பாசியும் ஆம்பலும் அடர்த்தி. விராலோ மூச்சு வாங்க மேலே வந்தே தீரவேண்டிய மீன். அது காற்றை விழுங்கும் இடத்தில் எழும் குமிழியைப் பார்த்தே இடம் சொல்லிவிடுவார்கள் ஊர்ப் பெரியவர்கள்.

இந்த ஏரிகளில் தூண்டில் போடுவதை மாற்றியவை ரப்பர் தவளையும் கைப்பேசியும்தான்.

மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் மிதப்பு, முள்ளில் ஒரு மண்புழு. பழைய தூண்டில் அவ்வளவுதான். கழி எட்டும் தூரத்துக்கு அப்பால் இருந்த மீன் பிழைத்துக்கொண்டது. ஃபைபர் தூண்டிலும் ரீலும் வந்தபின் முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி வீச முடிகிறது. அந்த நரம்பின் நுனியில் கட்டுவது ரப்பர் தவளை. அதன் இரண்டு முள்ளும் மேல்நோக்கி வளைந்து முதுகோடு ஒட்டிக் கிடப்பதால் ஆம்பல் இலையிலோ கோரையிலோ சிக்காது. இலைமேல் விழவைத்து, நரம்பைச் சுண்டிச் சுண்டி இழுக்க, உயிருள்ள தவளைபோலவே தத்தும். விரால் பாய்ந்து கவ்வினால் ரப்பர் உடல் அமுங்கி முள் வெளிப்படும். முன்பு யாரும் தூண்டில் போட முடியாத பாசிப் பரப்பெல்லாம் இப்போது கைக்குள் வந்துவிட்டது.

இதில் நல்லதும் உண்டு; அதை மறைக்கக் கூடாது. உயிருள்ள தவளையைப் பிடித்து முள்ளில் குத்தும் கொடுமை குறைந்தது. புழுவை விழுங்கிய மீனுக்கு முள் பெரும்பாலும் தொண்டைக்குள் போய்விடும். ரப்பர் தவளையில் உதட்டோரம் மாட்டுகிறது, கழற்றித் திரும்ப விடலாம். பிடித்ததற்குச் சாட்சியாக மீனை வீட்டுக்குச் சுமக்க வேண்டியதில்லை, ஒரு படம் போதும். ஏரியைப் பேருந்து ஜன்னலில் மட்டும் பார்த்த பிள்ளைகள் மதகு எது, கலங்கல் எது என்று தெரிந்துகொள்கிறார்கள். தூண்டில்காரர்களின் பதிவு ஆற்றுக்கே உதவியதும் உண்டு. காவிரியின் கர்நாடகப் பகுதியில் தூண்டில் முகாம்களில் எழுதிவைத்த பதிவேடுகளை ஆய்வாளர்கள் புரட்டியபோதுதான், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மகசீர் பெருகி, காவிரிக்கே உரிய திமில் மகசீர் மறைந்துவந்தது தெளிவானது. 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். அதை மிக அருகிய இனமாக அறிவித்தது.

ஆனால் விரால் குஞ்சு விடும் காலத்தில் நடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மழைத் தண்ணீர் ஏரியில் ஏறியதும் விரால் குஞ்சுகள் செந்நிறப் பந்துபோலத் திரண்டு மேற்பரப்பில் நகரும். அடியில் பெற்ற மீன்கள் காவல் வரும். அந்தக் கூட்டத்தின் நடுவே ரப்பர் தவளையை வீசினால், பசிக்காக இல்லாவிட்டாலும் குஞ்சைக் காக்கவே அது பாயும். நிச்சயமாக மாட்டும் என்பதால் இதையே உத்தியாகக் காணொளிகளில் சொல்லித்தருகிறார்கள். படம் எடுத்துத் திரும்ப விட்டேனே என்பது இங்கே சமாதானம் ஆகாது. வட அமெரிக்காவில் கூட்டைக் காக்கும் பாஸ் மீன்களை ஆராய்ந்தவர்கள், காவல் மீனைச் சற்று நேரம் அகற்றினாலே மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். விராலுக்கு மட்டும் வேறு கதி இருக்க முடியுமா?

ஏரியின் மீன்பிடி உரிமையை ஏலம் எடுத்த குத்தகைதாரர் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறார், அவற்றுக்குக் காவலும் வைக்கிறார். விரால் தானாக விளைவது. குறைந்தால் அதை வாங்கி விடுவார் இல்லை. இந்த நிலையில் எந்த ஏரியில் விரால் ஏறுகிறது என்று காலையில் ஒரு காணொளி வந்தால், மறுநாளே சென்னையிலிருந்து பைக்குகள் வந்து நிற்கின்றன. முன்பு இடம் தெரியாததே அந்த மீனுக்குக் காவலாக இருந்தது. போகிறவர்கள் அறுத்துவிட்டுப் போகும் நரம்பு வேறு கோரையில் கிடக்கிறது. வேடந்தாங்கல், கரிக்கிலிப் பறவைகள் இரை தேடுவது சுற்றுவட்டார ஏரிகளில்தான். நாரையின் காலில் நரம்பு சுற்றினால் அவிழ்க்க ஆள் ஏது?

1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் விஷத்தையும் தடுத்தது. தூண்டிலால் கேடு வரும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்? கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கின்றன. குஞ்சோடு திரியும் விராலுக்கும் அப்படி ஒரு ஓய்வு வேண்டும். ஏல நிபந்தனையிலேயே அதைச் சேர்க்கலாம். வெளியூர்த் தூண்டில்காரருக்கு நாள் சீட்டு வைத்து, அந்தக் காசை ஏரிக்கே செலவிடலாம். சேத்துப்பட்டு ஏரியைப் பூங்காவாக்கித் தூண்டில் போட இடம் ஒதுக்கியது 2016இல் அரசே செய்த காரியம். பராந்தகச் சோழன் காலத்திலேயே ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்த உத்திரமேரூருக்கு இது முடியாததா?

இனி வரப்போவதில் நான் அஞ்சுவது கட்டணக் குளங்களை. தாய்லாந்தில் வெளிநாட்டுப் பெருமீன்களை விட்டுத் தூண்டில் போட விடும் குளங்கள் நல்ல வியாபாரம். இங்கும் யாராவது கிணற்றடி நிலத்தில் குளம் வெட்டி, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டால் என்ன ஆகும்? காஞ்சிபுரம் ஏரிகள் சங்கிலியாகக் கோத்தவை, ஒன்றின் கலங்கல் தண்ணீர் அடுத்ததில் போய் விழும். ஒரே மழையில் அந்தக் கெளுத்தி கீழேயுள்ள ஏரிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். அத்தகைய குளத்துக்கு அனுமதி கேட்டு வருபவரிடம் ஊராட்சி முதலில் கேட்கவேண்டியது, எந்த மீனை விடப்போகிறீர்கள், வெள்ளத்தில் வரப்பு உடைந்தால் அது எந்த ஏரிக்குப் போகும் என்பதைத்தான்.