மாவீரர்களும் லண்டன் குடித்தனங்களும்

2005இல் ஒளிபரப்பான 'டாக்டர் ஹூ' தொடரின் 'ஏலியன்ஸ் ஆஃப் லண்டன்' அத்தியாயத்தில், காலப்பயணம் முடித்து ரோஸ் டைலர் வீடு திரும்புகிறாள். கிளம்பிப் பன்னிரண்டு மணி நேரம்தான் ஆயிற்று என்று அவளை அழைத்துச் சென்ற டாக்டர் நம்புகிறார். உண்மையில் பன்னிரண்டு மாதம் ஓடிவிட்டது. குடியிருப்பில் 'காணவில்லை' சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. பிரபஞ்சத்தையே காப்பாற்றுகிறவரின் கன்னத்தில் ரோஸின் அம்மா ஜாக்கி பளாரென்று அறைகிறாள்.

சாகசக் கதைகள் பெரும்பாலும் இந்த அம்மாவை மறந்துவிடும். ரஸ்ஸல் டி. டேவிஸ் மறக்கவில்லை. அவர் எழுதித் தயாரித்த தொடர்கள் ஒன்றோடொன்று பிணைந்து நின்றதற்கு இந்த அம்மாக்களும் தாத்தாக்களும்தான் காரணம் என்பது என் துணிபு.

1963இல் வேல்ஸின் ஸ்வான்சியில் பிறந்த டேவிஸ், பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சிகளில் தொழில் பழகியவர். அவர் பிறந்த ஆண்டில் தொடங்கி 1989இல் நின்றுபோன 'டாக்டர் ஹூ'வை 2005 மார்ச் 26 அன்று மீண்டும் எழுப்பினார். படப்பிடிப்பு பெரும்பாலும் கார்டிஃபில். கதையின் வேர் லண்டனில். 2006இல் பெரியவர்களுக்காக 'டார்ச்வுட்', 2007இல் சிறுவர்களுக்காக 'சாரா ஜேன் அட்வென்ச்சர்ஸ்' கிளைத்தன. பின்னதில் ஈலிங் பகுதியின் பானர்மன் சாலை 13ஆம் எண்ணில் உள்ள சாரா ஜேனின் வீடுதான் மையம். எதிர்வீட்டுக்குக் குடிவரும் ராணி சந்திராவின் அப்பா தலைமையாசிரியர், அம்மா பூக்கடைக்காரர். இந்திய வம்சாவளிக் குடும்பத்தை இவ்வளவு இயல்பாக ஒரு சாகசத் தொடர் ஏற்றுக்கொண்டது மனத்துக்கு நிறைவளிக்கிறது.

நம் சீரியல்களின் 'மகாசங்கமத்தில்' இரண்டு குடும்பமும் ஒரே இடத்தில் கூடிவிடும். 2008இல் மூன்று தொடர்களையும் இணைத்த 'தி ஸ்டோலன் எர்த்' அத்தியாயத்திலோ அவரவர் அவரவர் இடத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள். டாக்டரின் பழைய எதிரிகளான டாலெக்குகளின் குரல் கேட்டதும் சாரா ஜேன் மகனை அணைத்துக்கொண்டு அழுகிறாள். டாக்டரின் தோழியான சிஸிக் டோனாவின் தாத்தா வில்ஃப், டாலெக்கின் கண்ணைப் பார்த்துப் பெயிண்ட் துப்பாக்கியால் சுடுகிறார். தொடர்களை இப்படிப் பிணைப்பதற்குப் பேர்போன அமெரிக்காவின் கிரெக் பெர்லான்டி 'ஆரோ'வைத் தொடங்கியதே 2012இல்தான்.

டேவிஸின் உச்சம் 2009 ஜூலையில் ஐந்து இரவுகள் தொடர்ந்து வந்த 'டார்ச்வுட்: சில்ட்ரன் ஆஃப் எர்த்'. பூமியின் குழந்தைகளில் பத்து சதவீதத்தை வேற்றுக்கிரகத்தார் கேட்கிறார்கள். யாரைக் கொடுப்பது? லண்டனில் கூடும் அமைச்சர்கள், தரப்பட்டியலில் கடைசியில் இருக்கும் பள்ளிகளின் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த அசுரனும் அந்தக் கூட்டத்தைவிடக் கொடியதில்லை.

2023இல் டேவிஸ் 'டாக்டர் ஹூ'வுக்குத் திரும்பிவந்த பிறகு, கதைச் சங்கிலி பழைய பெயர்களையே அதிகம் நம்பியது: 2024இல் பழைய வில்லன் சுடெக், 2025இல் பழைய வில்லி 'தி ராணி' (ராணி சந்திரா அல்ல). லண்டன் செவிலியான பெலிண்டா சந்திராவாகக் கேரளத்தில் பிறந்த வரதா சேது வந்தும், அவள் வீட்டுக்குள் கதை போதிய அளவு நுழையவில்லை.

அந்த வேலையை இப்போது வேறொருவர் செய்கிறார். ராப்மேன் உருவாக்கிய 'சூப்பாசெல்' 2024 ஜூனில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. தெற்கு லண்டனின் கறுப்பின இளைஞர்கள் ஐவருக்குச் சக்தி கிடைக்கிறது. அதன் மூலம், குடும்பத்தில் இருக்கும் சிக்கிள் செல் நோய். சாமானிய இளைஞர்களுக்குச் சக்தி கிடைக்கும் இந்த வழியை 2009இல் ஹோவர்ட் ஓவர்மேனின் 'மிஸ்ஃபிட்ஸ்' இதே நகரில் திறந்தது.

டேவிஸைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் 'சில்ட்ரன் ஆஃப் எர்த்'தில் தொடங்கலாம். ஐந்தே அத்தியாயம், முன்கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை.