கருத்தடை: இரண்டு பிரதிகளும் ஒரு கத்தியும்

கருத்தடை பற்றிய பேச்சு நம் சூழலில் ‘திருச்சபை எதிர் பகுத்தறிவு’ என்கிற எதிர்வாகவே கட்டமைக்கப்பட்டு வந்திருக்கிறது. இந்த எதிர்வு அரசுக்கு ரொம்ப வசதி. இரண்டு தரப்பையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறொரு விஷயம் தட்டுப்படுகிறது.

குடி அரசுக் காலத்துக் கட்டுரைகள் கொண்ட ‘பெண் ஏன் அடிமையானாள்?’ தொகுப்பில் ‘கர்ப்பத்தடை’ என்றொரு கட்டுரை இருக்கிறது. பெரியார் அதில் கருத்தடையை எதிர்ப்பவர்களைவிட, அதை ஆதரிப்பவர்களிடமிருந்தே தன்னைப் பிரித்துக்கொள்வதில் கவனமாக இருக்கிறார். தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை, குடும்பச் சொத்து சிதறாமை என்று பிறர் அடுக்கும் காரணங்களை ஒதுக்கிவிட்டு, பெண்ணின் விடுதலைக்காகவே இது வேண்டும் என்கிறார். அதே காலத்தில் சென்னையில் இயங்கிய நவ மால்தூசியச் சங்கத்துக் கனவான்களின் கவலை ஜனத்தொகை. பெரியாருக்கோ, மனித குலம் விருத்தியாகாமல் போனால்கூடப் பெரிய கவலையில்லை.

இன்னொரு பிரதி, போப் ஆறாம் பால் 1968 ஜூலை 25 அன்று கையொப்பமிட்ட ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடல். ஆங்கிலிக்கத் திருச்சபை 1930 லாம்பெத் மாநாட்டில் நிபந்தனைகளோடு கதவைத் திறந்துவிட்டிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை அமைத்த ஆய்வுக்குழுவிலும் பெரும்பான்மையோர் மாற்றத்தின் பக்கமே நின்றார்கள். போப் மறுத்தார். நம் முற்போக்கு நண்பர்கள் இம்மடலைப் படிக்காமலேயே நிராகரிப்பது வழக்கம். அதன் 17ஆம் பத்தியைப் படிக்க வேண்டும். கருத்தடைக்குப் பழகிய ஆண், பெண்ணைத் தன் இச்சைக்கான கருவியாக்கிவிடுவான் என்றும், அரசுகள் தமக்கு உகந்த முறையை மக்கள்மேல் திணிக்கும் என்றும் அது எச்சரிக்கிறது. 1976-77இல் ஒரே ஆண்டில் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அறுவை செய்யப்பட்டபோது இரண்டாவது எச்சரிக்கை பலித்தது. ஆனால் மடல் காட்டும் மாற்று என்ன? கரு உண்டாகாத நாட்களைக் கணக்கிட்டுக்கொள்வது. ராத்திரி குடித்துவிட்டு வந்து கையைப் பிடித்து இழுப்பவனிடம் காலண்டரைக் காட்ட முடியுமா? பெண்ணின் கண்ணியத்தைப் பேசுகிற பிரதி, முடிவெடுக்கிற உரிமையை மட்டும் அவளுக்குத் தரவில்லை.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இவ்விரண்டு பிரதிகளும் என்னவாயின? ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று கத்தோலிக்கர் தலைமுறைகளாக வாழும் ஊர்கள் இங்கே உண்டு. திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிற ஓர் அக்காவிடம், “ஆபரேசன் பண்ணிக்கிட்டா பாவம்னு சாமியார் சொல்லலையாக்கா?” என்று கேட்டேன். “சாமியாரா வந்து வளக்கப்போறாரு?” என்றார். சுற்றுமடலுக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் வாசித்ததில்லை. சரி, அண்ணன் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை? “அவரு பாரம் தூக்குற ஆளுல்ல?” திராட்சைக் கூடையைத் தலையில் சுமந்து வண்டிக்குக் கொண்டுபோனது இந்த அக்காதான்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நெருக்கடி நிலையில் கத்தி பட்டது பெரும்பாலும் ஆண்களின் மேல். 1977 தேர்தலில் அதற்கான விலையைக் கொடுத்த பிறகு, அரசு கத்தியைப் பெண்கள் பக்கம் திருப்பிக்கொண்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 1967 முதல் இங்கே ஆள்பவர்கள் பெரியாரின் பெயரைச் சொல்கிறவர்கள்தாம். கர்ப்பத்தடையை எடுத்துக்கொண்டார்கள், அதற்கு அவர் சொன்ன காரணத்தை விட்டுவிட்டார்கள். ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ சுவரெங்கும் ஏறியது. அந்த இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்று யாரும் சுவரில் எழுதவில்லை, எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தேனி மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது.