கோபுரமில்லா ஒரு வீடு: பிரிக்பீல்ட்ஸ் மரபுரிமை குறித்துச் சில கருத்துகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையோரம் அமைந்துள்ள விவேகானந்தா ஆசிரமத்தைக் கோயிலென்று கருதி அணுகுவோர் சற்றுத் தயங்குவர். அதற்குக் கோபுரம் இல்லை. முன்புறத்தில் சுவாமியின் சிலை நிற்பினும், பின்னுள்ள கட்டடம் ஆங்கிலேயர் காலத்துப் பொதுமன்றம் ஒன்றையே நினைவூட்டுகின்றது. இத்தோற்றம் தற்செயலானதன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

1904இல் இவ்வமைப்பைத் தோற்றுவித்தோர் யாழ்ப்பாணத் தமிழர். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராகப் பணியாற்றியோர் அச்சமூகத்தில் மிகுதி. வழிபாட்டிற்கென அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் ஸ்காட் சாலைப் பக்கம் உள்ளது. அவ்வாறிருக்க, ஆசிரமம் ஏன் தேவைப்பட்டது? ஆங்கிலக் கல்வியால் வேலை பெற்ற சைவர்களுக்கு, அதே மொழியில் தம் சமயத்தை உலகின்முன் நிறுத்திய ஒருவர் ஆதர்சமானதில் வியப்பில்லை. 1897இல் விவேகானந்தர் யாழ்ப்பாணம் சென்றிருந்தார். அவ்வருகையின் நினைவு இங்குக் குடியேறியோரிடமும் இருந்திருத்தல் கூடும். 1893இல் சிகாகோ செல்லும் வழியில் அவர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தங்கியதையே பலரும் இக்கட்டடத்தின் பெருமையாகச் சுட்டுகின்றனர். அவர் மறைந்தது 1902இல். ஆசிரமம் தோன்றியது அதற்குப் பின்னர். ஆகவே இவ்வீடு சுவாமியின் பயணத்தைவிட, அவர் பெயரை ஏற்றுக்கொண்ட எழுத்தர் வர்க்கத்தின் மனத்தையே நமக்குச் சொல்லுகின்றது எனலாம்.

இவ்வேறுபாடு வெறும் ஆய்வு நுணுக்கமன்று. 2014இல் ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் வெளிப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம் பேசப்பட்டது. பழைய கட்டடமும் தப்பியது. மகிழத்தக்கதே. ஆயினும், அன்றைய வாதங்களில் சுவாமியின் திருப்பெயர் முன்னின்ற அளவிற்கு அதைக் கட்டிய மக்களின் வாழ்வு முன்னிற்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில், ரொசாரியோ சாலைப் பகுதியில் அரசு ஊழியர்களுக்கென அமைந்த ‘நூறு குவாட்டர்ஸ்’ என்னும் வரிசை வீடுகள் மறைந்துகொண்டிருந்தன. அவற்றுக்காகவும் சிலர் குரல் கொடுத்தனர், அது வலுப்பெறவில்லை. சிலையும் பெயரும் உடைய வீடு நின்றது. எண் மட்டுமே உடைய வீடுகள் வீழ்ந்தன.

இரண்டும் ஒரே பனுவலின் பகுதிகள் அல்லவா? மாலையில் அலுவலகம் விட்டு வந்த எழுத்தர் நடந்து செல்லும் தொலைவில் குவாட்டர்ஸ், கோயில், ஆசிரமம் ஆகிய மூன்றும் இருந்தன. இவற்றுக்கெல்லாம் காரணமான இரயில்வே யார்டு இருந்த இடத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. இன்று மாணவரை அங்கு அழைத்துச் செல்லும்போது, யாழ்ப்பாணத்தார் இவ்விடத்தில் ஏன் திரண்டனர் என்பதைக் கையால் சுட்டிக் காட்ட இயலவில்லை. வாயால்தான் விளக்க வேண்டியுள்ளது.

அவ்விடைவெளியை இப்பொழுது வண்ண வளைவுகள் நிரப்புகின்றன. 2010இல் இப்பகுதி ‘லிட்டில் இந்தியா’வாகத் திறந்து வைக்கப்பட்டது, 2015இல் இந்திய அரசின் அன்பளிப்பான தோரண வாயிலும் சேர்ந்தது. வணிகத்திற்கு இவை உதவலாம். ஆனால், 1881ஆம் ஆண்டின் தீக்கும் வெள்ளத்திற்கும் பின்னர் நகரைச் செங்கல்லால் மீட்டெடுத்தபோது தோன்றிய சூளைகளால் பெயர் பெற்ற ஊர் இது. 1894இல் சிங்களவர் நிறுவிய சங்கத்தின் பௌத்த மகாவிகாரையும், தமிழ் லுத்தரன் திருச்சபையும், சீனர் கோயிலும் அருகருகே அமைந்த ஊர். எந்த நாட்டிலும் நிறுத்தத்தக்க பொதுவான ‘இந்திய’ அலங்காரம் இக்குறிப்பான வரலாற்றை மூடிவிடுகின்றது. அலங்காரத்தில் யாழ்ப்பாணத்துக் கிராணியாருக்கு இடமேது? தோட்டப்புற வாழ்வை விரிவாகப் பதிவுசெய்த மலேசியத் தமிழ் எழுத்தும் நகரத்து எழுத்தரை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. (கிராணியார் நம் கதைகளில் வரும்போது பெரும்பாலும் தோட்டத்துக் கொடுமைக்காரராகவே வருகின்றார்.)

நம் மாணவர் களப்பணிக்குக் கோயில் வரலாறுகளையே விரும்பித் தேர்கின்றனர். ஆண்டுமலரும் கல்வெட்டும் கைக்கெட்டும் என்பதால் அது எளிது. குவாட்டர்ஸ் வாழ்வுக்கு அத்தகைய சான்றுகள் குறைவு. மாத வாடகை, சமையலறைப் பேச்சு, அண்டை வீட்டுச் சிங்களவரோடும் மலையாளியோடும் கொண்ட உறவு ஆகியவற்றை வாய்மொழியாகவே திரட்ட வேண்டும். அவ்வீடுகளில் வளர்ந்தோர் பலர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள்.