நஷ்ட ராத்திரியில் ஒரு போக்கர் செயலி

ஜெயிக்கிற ராத்திரியில் எந்தப் போக்கர் செயலியும் நல்ல செயலிதான். சிப்ஸ் சரியும் சத்தம்கூட சலங்கை மாதிரி கேட்கும். தோற்கிறவனிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால்தான் அதன் குணம் தெரியும். போன வெள்ளிக்கிழமை அந்த வாய்ப்பு எனக்குத் தாராளமாகவே கிடைத்தது. இடம் லண்டன் ஈஸ்ட்ஹாம், எங்கள் வீட்டு சோபாவின் ஒரு மூலை. நேரம் இரவு 8.30 முதல் 12.45 வரை. ஏழு நுழைவுகளுக்குக் கட்டியது 17.60 டாலர். திரும்பி வந்தது 5.90.

முதலிலேயே ஒன்று. இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்கிறது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்காடலுக்கு அதில் இடமே இல்லை. செயலியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இந்த வகைச் செயலிகளெல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை.

கணக்கு தொடங்க அடையாள அட்டை, செல்ஃபி, முகவரிச் சான்று என்று இருபது நிமிடம் போனது. பிரிட்டனில் சூதாட்டத்துக்குக் கிரெடிட் கார்டு 2020 ஏப்ரல் 14 முதல் செல்லாது, கார்டு என்றால் டெபிட் கார்டு மட்டும்தான். முதல் பணம் போடும் முன்பே, 'வாரத்துக்கு எவ்வளவு வரை?' என்று செயலி கேட்கிறது. 2025 அக்டோபர் 31 முதல் அப்படிக் கேட்டாக வேண்டும் என்பது இங்கே விதி. நான் 20 பவுண்டு என்று போட்டேன். அந்த ராத்திரி நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான்.

லாபி சுத்தமாக இருக்கிறது. 1.10, 2.20, 3.30, 5.50 என்று போட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அந்த ஒட்டுச் சில்லறை நிறுவனத்தின் கூலி. ஒரு டாலர் பரிசுப் பணத்துக்குப் போகிறது, பத்து சென்ட் கடைக்காரருக்கு. என் 17.60-இல் 1.60 இப்படிப் போனது. அதாவது, முதல் சீட்டு விழும் முன்பே பதினொன்றில் ஒரு பங்கு காலி.

ஆட்டம் வேகமானது. நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்கு முப்பது கை பார்ப்பதே அதிகம். இங்கே ஒரு மேசையிலேயே அறுபது ஓடுகிறது. ஏஸ் ஜோடி வருவது 221 கைக்கு ஒரு முறை என்பது கணக்கு. நேரில் ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டியது, இங்கே நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதே வேகத்தில் வயிற்றெரிச்சலும் வரும்.

என் வயிற்றெரிச்சலை அருகிலிருந்து காட்டுகிறேன். 2.20 போட்டி. என் கையில் ராஜா ஜோடி. ஆல் இன், அதாவது இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் போட்டேன். எதிரி ஏஸ், எட்டு இரண்டையும் வைத்துக்கொண்டு 'கால்' சொல்லி ஈடு கட்டினார். இரண்டு கையும் திறந்ததும் செயலி ஒவ்வொருவருக்கும் ஜெயிக்கும் சதவீதத்தைக் காட்டுகிறது. எனக்கு எழுபதுக்கு மேல். மேசை நடுவில் ராணி, ஆறு, மூன்று விழுந்தன. என் எண் 87. அடுத்தது பத்து, 93. கடைசிச் சீட்டைத் திறப்பதற்கு முன் செயலி ஒரு நொடி வேண்டுமென்றே நிறுத்துகிறது. டைமண்ட் ஏஸ். எதிரிக்கு ஏஸ் ஜோடி. 93 என்பது 0 ஆனது. அந்த 0 சிவப்பு நிறத்தில் வருகிறது என்பதையும் விமர்சகன் என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

'செட்டப்' என்று திட்டத் தோன்றும். நானும் திட்டினேன். ஆனால் பிரிட்டன் உரிமம் பெற்ற நிறுவனங்களின் சீட்டுக் குலுக்கும் நிரலை வெளியார் சோதித்தாக வேண்டும். குற்றவாளி சாதாரணப் பெருக்கல்தான். 80 சதவீத வாய்ப்போடு மூன்று முறை ஆல் இன் போனால், மூன்றிலும் தப்பிப்பது 51 சதவீதம், அதாவது பூவா தலையா. ஒரு போட்டியில் கடைசி வரை போக அப்படி எத்தனையோ முறை தப்பிக்க வேண்டும்.

அந்த 0-க்குக் கீழேயே பச்சைப் பொத்தான்: 'மீண்டும் நுழைக'. ஒரே ஒரு தட்டு. 'நிச்சயமாகவா?' என்ற கேள்வி கிடையாது. ரத்தம் சூடாக இருக்கும் அந்த நொடியில் என் விரல் என்னைக் கேட்கவில்லை. மறுநுழைவு பதினாறு நிமிடம் தாங்கியது.

அடுத்த குறை இன்னும் பெரியது. இரண்டு மேசையில் ஒரே நேரம் ஆடினால், எங்கே நம் முறையோ அந்த மேசையைச் செயலி தானாகவே முன்னால் கொண்டுவரும். கணினியில் இது வசதி, ஆறங்குலத் திரையில் விபத்து. முதல் மேசையில் ஒரு நல்ல கைக்கு 'கால்' பொத்தானை அழுத்தப் போனேன். விரல் இறங்குவதற்குள் இரண்டாவது மேசை மேலே வந்துவிட்டது. அங்கே கிளாவர் ஏழும் இஸ்பேடு இரண்டும் வைத்துக்கொண்டு ஒருவருடைய ஆல் இன்னுக்குக் 'கால்' சொல்லியிருந்தேன். 5.50 அங்கேயே போனது. மேசை மாறியதும் அரை நொடி பொத்தான்களைப் பூட்டி வைத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது.

நியாயமாகப் பிரித்தால், செத்துப்போன ஆறு நுழைவில் ஒன்று செயலியின் கணக்கு, இரண்டு அதிர்ஷ்டத்தின் கணக்கு. மீதி மூன்றும் என்னுடையவை. பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயம் ஏற ஏற, நல்ல கை வரட்டும் என்று சீட்டைக் கவிழ்த்து ஃபோல்டு செய்துகொண்டே இருந்து சிப்ஸைக் கரைத்தேன்.

மிச்சமிருந்த ஒன்றில் பரிசு வந்தது. 3.30 போட்டியில் 412 பேர், 63 பேருக்குப் பரிசு, எனக்கு 41-ஆம் இடம். திரையில் காகிதத் துண்டுகள் பறந்தன: 'வாழ்த்துகள்! 5.90 டாலர் வென்றீர்கள்!' அப்போது என் மொத்த நஷ்டம் 11.70. அந்த எண் திரையில் எங்கும் இல்லை. தேடினேன்: பட்டியல், கணக்கு, பாதுகாப்பாக ஆட, செயல்பாடு, கடந்த 24 மணி நேரம். ஐந்து தட்டு. மறுபடி நுழைய ஒரு தட்டு, எவ்வளவு போனது என்று பார்க்க ஐந்து தட்டு. இதை வடிவமைத்தவர் கெட்டிக்காரர். யாருக்காகக் கெட்டிக்காரர் என்பதுதான் கேள்வி.

100 பேரில் 15 பேருக்குப் பரிசு என்றால், சராசரி ஆட்டக்காரருக்கு ஏழு நுழைவில் ஒன்று தேறும். எனக்கும் ஒன்று தேறியது. சராசரியாக ஆடியதற்கே மூன்றில் இரண்டு பங்கு போனது, ஏனென்றால் பரிசுப் பணத்தில் பெரும்பகுதி முதல் சில இடங்களில் குவிந்திருக்கிறது. நூறு டாலருக்கும் குறைவான இணையப் போட்டியில் தொடங்கி, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போன கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 2003-இல் 25 லட்சம் டாலர் வென்றார். அவர் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். 41-ஆம் இடத்துக்காரன் கதையை அவன்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டரைக்கு உள்ளறையிலிருந்து மனைவியின் குரல். "இன்னும் எவ்வளவு நேரங்க?"

"இதோ, இந்த ஒரு ஆட்டம்தான்."

"எட்டரைக்கும் இதைத்தான் சொன்னீங்க."

தீர்ப்பு. சீட்டுகளின் தெளிவு, இணைப்பு அறுந்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் வேகம் இரண்டுக்கும் நல்ல மதிப்பெண். பேட்டரி சுமார், நாலேகால் மணி நேரத்தில் 61 சதவீதம் குடித்தது. பல மேசை ஆட்டம் கைபேசியில் வேண்டவே வேண்டாம். வார வரம்பு ஒழுங்காக வேலை செய்கிறது. கையை மீறுகிறது என்று தோன்றினால் இங்கே இருப்பவர்களுக்கு கேம்ஸ்டாப் உண்டு. இலவசமாகப் பதிந்தால், உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று நாம் கேட்ட காலத்துக்குக் கதவைச் சாத்திவிடும். மொத்தத்தில் பத்துக்கு ஆறு. லாபியின் தலையில் 'இன்றைய கணக்கு' என்று ஒரு வரி போட்டால் எட்டு தருவேன்.

அது வரும்வரை நானே ஏற்பாடு செய்துகொண்டேன். மளிகைக் கடையில் கொடுத்த தமிழ் மாதக் காலண்டரில், பால் கணக்குக்கு மேலே வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் எழுதினேன்: -11.70.

காலையில் காபியோடு வந்தவள் அதைப் பார்த்தாள். "இது என்னங்க?"

"விமர்சனத்துக்கு ஆன செலவு."

"விமர்சனம் முடிஞ்சுதா?"

கைபேசி அதிர்ந்தது. செயலியிலிருந்து ஓர் இலவச நுழைவுச் சீட்டு, மூன்று மணி நேரம் மட்டும் செல்லும். பதில் சொல்லும் முன் காபியை ஒரு வாய் குடித்துக்கொண்டேன்.